பிரேக்குப் பிடிக்கும் கலை

விரைந்தோடும் ஆற்றலைப் புகழ்வோர் பலர். வேண்டிய இடத்தில் வேண்டியவாறு நிற்கும் ஆற்றலைப் புகழ்வோர் மிகச் சிலர். புதிய மோட்டார் வண்டியொன்று ஊருக்குள் வந்து நின்றால், அதனைச் சூழ்ந்து கொள்வோர் முதற்கண் வினவுவது அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையே. எத்தனை அடி தூரத்தில் நிற்கும் என்று வினவுவாரைக் காண்டல் அரிது. ஆயினும் ஓட்டுபவன் உயிரும், உடன் வருவோர் உயிரும், எதிர்ப்படுவோர் உயிரும் இவ்விரண்டாவது வினாவின் விடையையே பற்றி நிற்கின்றன. ஆதலின் பிரேக்குப் பிடித்தல் என்னும் சிறு செயலை ஒரு கலையாகக் கொண்டு, அதன் இயல்பையும், அதனைப் பயிலும் முறையையும், நம் தருமபுரி மாவட்டத்திற்கு அதனால் விளையும் பயனையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இக்காலத்து மாணவருள் பலர் சிமுலேட்டர் என வழங்கும் பாவனை யந்திரத்தில் மோட்டார்ப் பந்தயம் ஓடுவதில் பெரு விருப்பம் உடையராயிருக்கின்றனர். கணிப்பொறித் திரையில் பாதை தோன்றும். மேசையில் பிணைத்த ஸ்டியரிங் சக்கரம், டயர் உணரும் இழுப்பையும் அதிர்வையும் கைக்கு உணர்த்தும். காலடியில் ஆக்ஸிலரேட்டர், பிரேக்கு, கிளட்ச் என்னும் மிதிகள் இருக்கும். இதனை வீண் பொழுதுபோக்கு என்று பெரியோர் சிலர் வெறுத்துரைப்பதுண்டு. நெறியின்றி ஆடின் அவர் கூற்று மெய்யே. நெறியோடு பயின்றாலோ, இயற்கை விதிகளை ஏட்டில் படிப்பதோடு நில்லாமல் தன் காலாலும் கையாலும் அறிந்துகொள்ள அஃதோர் ஆய்வுக்கூடம் ஆகும் என்பதே நம் கருத்து.

பாவனை யந்திரத்தால் பயிற்சி பெறுவது புதுமையன்று. எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் 1929ஆம் ஆண்டிலேயே ஆகாய விமானம் ஓட்டப் பயில்வோர்க்கென நிலத்திலிருந்து எழாத ஒரு பயிற்சி யந்திரத்தை இயற்றினார். இரண்டாம் உலகப் போரில் அதனிற் பயின்ற விமானிகள் மிகப் பலர். மோட்டார்ப் பந்தய உலகில், 2008ஆம் ஆண்டு திரை விளையாட்டில் வல்லாரைத் தேர்ந்து மெய்யான பந்தய வண்டியில் ஏற்றும் போட்டியொன்று தொடங்கியது. அதில் முதல் வெற்றி பெற்ற லூக்காஸ் ஓர்டோனியெஸ் என்னும் ஸ்பானிய இளைஞர், 2011இல் பிரான்சு நாட்டு லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் இரண்டாம் இடம் பெற்ற குழுவில் ஒருவராயினார். திரையிற் கற்ற கால், தரையிலும் கற்றதை மறவாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நம் தமிழ்நாட்டிற்கும் மோட்டார்ப் பந்தயத்திற்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே ஒரு பாதை அமைந்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் மற்றொரு பாதை உண்டாயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியராயினார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010இல் அவரைப் பின்பற்றினார். எனினும் அப்பாதைகட்குச் சென்று பயில்வதற்கு வேண்டும் பொருளும் வசதியும் எல்லோர்க்கும் எய்துவன அல்ல. தருமபுரியிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ வாழும் இளைஞனுக்கு, டயர் தேயாமலும் உடல் ஊறுபடாமலும் ஆயிரம் முறை பிரேக்குப் பிடித்துப் பார்க்க இடமளிப்பது இப்பாவனை யந்திரமேயாகும்.

தடையின் இயல்பு

வண்டியை நிறுத்துவது பிரேக்கு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பிரேக்கு நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வண்டியை நிறுத்துவது டயர் தரையைப் பற்றும் பற்று. உள்ளங்கையளவு பரப்பில் நான்கு இடங்களில் ரப்பர் தரையைத் தொட்டுக் கொண்டிருக்கிறது. அந்நான்கு உள்ளங்கையளவும் எவ்வளவு பற்றைத் தாங்குமோ அவ்வளவுக்கு மேல், எத்துணை விலையுயர்ந்த பிரேக்கும் ஒன்றும் செய்யவியலாது.

இனி, வேகத்திற்கும் நிற்கும் தூரத்திற்கும் உள்ள உறவைக் காண்போம். ஓடும் பொருளின் இயக்க சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பௌதிக வகுப்பிற் படித்திருக்கிறோம். அதாவது வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும்; நிற்கும் தூரமும் நான்கு மடங்காகும். உலர்ந்த நல்ல சாலையில் உராய்வுக் குணகம் 0.8 எனக் கொண்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் கார் ஏறக்குறைய 12 மீட்டரில் நிற்கும். 100 கிலோமீட்டர் வேகத்திற் செல்வதோ 49 மீட்டர் ஓடியே நிற்கும். இது கால் பிரேக்கை அழுத்திய பின் உள்ள தூரம். ஆபத்தைக் கண்ணால் கண்டு கால் அசைவதற்குள் ஒரு நொடி கழியுமாயின், 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு முன்னரே 28 மீட்டர் கடந்துபோம். இரண்டையுங் கூட்டினால் 77 மீட்டர். இக்கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்த்தவர், முன்செல்லும் வண்டியை ஒட்டிக்கொண்டு செல்ல மனங்கொள்ளார்.

பிரேக்கை மிகையாக அழுத்தினால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். உருளும் டயரைக் காட்டிலும் சறுக்கும் டயருக்குப் பற்றுக் குறைவு. மேலே சொன்ன உராய்வு 0.8இலிருந்து 0.6 ஆகக் குறைந்தால், 49 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 65 மீட்டருக்கு மேல் ஓடும். அதனினும் பெருங்கேடு யாதெனில், பூட்டிக்கொண்ட முன்சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கீழ்ப்படியாது. எப்பக்கம் திருப்பினும் வண்டி நேரே செல்லும். டயர் தன் முழுப் பற்றையும் தருவது, சக்கரம் தரையின் வேகத்திலும் சற்றே பின்தங்கிச் சுழலும்போதாம். உலர்ந்த சாலையில் இப்பின்தங்கல் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இருக்கும். அவ்வெல்லையின் விளிம்பில் சக்கரத்தை நிறுத்தி வைப்பதே பிரேக்குக் கலையின் உயிர்நிலை.

மற்றொன்றும் அறியத்தக்கது. பேருந்தில் நிற்கும்போது ஓட்டுநர் பிரேக்கைப் பிடித்தால் நாம் முன்னே சாய்கிறோமல்லவா? வண்டியின் பாரமும் அவ்வாறே முன்சக்கரங்களின்மீது சாய்கிறது. அதனால் முன்டயர்களின் பற்று மிகுகிறது. பின்டயர்களின் பற்றுக் குறைகிறது. இச்சாய்வு நிகழச் சிறிது நேரம் வேண்டும். அதற்குள் மிதியை உதைத்துவிட்டால் பாரம் வந்து சேருமுன் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே மிதியை விரைவாக, ஆயினும் உதையாமல், பிழிவதுபோல் அழுத்துதல் வேண்டும். இரு சக்கர மோட்டார் ஓட்டுவோர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்க. முன்பிரேக்கைத் தொட்டால் குப்புற வீழ்வோம் என்று அஞ்சிப் பின்பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகியவர் நம்மூரில் அநேகர். பாரம் முன்னே சாயும்போது நிறுத்தும் வலிமையிற் பெரும்பகுதி முன்சக்கரத்திலேதான் இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே, முன்னதைப் படிப்படியாக இறுக்கிப் பிடிப்பதே முறை.

கால் கற்க வேண்டியது

பாவனை யந்திரத்தில் அமர்பவன் முதலிற் செய்யத்தக்கது இருக்கையை அசையாது பிணைத்தலாம். உருளும் நாற்காலியில் அமர்ந்து மிதித்தால் வண்டி நிற்பதற்கு மாறாக நாற்காலி பின்னே ஓடும். காலும் ஒருபோதும் ஒரே அழுத்தத்தைக் கற்றுக்கொள்ளாது. அடுத்தது மிதியின் தன்மை. எளிய மிதிகள் கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கின்றன. சிறந்த மிதிகள் கால் எவ்வளவு விசையோடு அழுத்தியது என்பதை அளக்கின்றன. மெய்யான பந்தய வண்டியில் பிரேக்கு மிதி சிறிதளவே இறங்கும், வேறுபடுவதெல்லாம் விசையே. நம் தசையும், மிதி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை நன்கு நினைவிற் கொள்ளும். ஆதலின் விசையை அளக்கும் மிதி கிடைப்பின் நலம். கிடையாதாயின், மிதியின் கீழ் கெட்டியான ரப்பர்த் துண்டொன்றை அமைத்து இறுக்கங் கூட்டிக்கொள்ளுதலும் ஓரளவு உதவும்.

பின்னர் ஒரே வண்டியையும் ஒரே பாதையையும் தெரிந்துகொண்டு பல நாள் அவற்றையே பயிலுதல் வேண்டும். நாளொரு வண்டியும் பொழுதொரு பாதையுமாக மாற்றுபவன் எதனையும் கற்றிலன். சக்கரம் பூட்டாமற் காக்கும் ஏபிஎஸ் என்னும் துணையை யந்திரத்தில் நீக்கிவிட வேண்டும். துணை இருக்கும்வரை எல்லை எங்கேயென்று கால் அறியாது. பார்முலா ஒன்று பந்தயங்களிலும் 1994 முதல் அத்துணை விலக்கப்பட்டிருக்கிறது. முதற் பாடம் நேர்ப்பாதையிலேயே நிகழட்டும். ஒரே வேகத்தில் ஓடிவந்து, சற்றே மென்மையாக, பின் சற்றே வன்மையாக, மீண்டும் வன்மையாக என்று பத்திருபது முறை பிரேக்கைப் பிடித்துப் பார்த்தால், டயர் முனகும் ஓசை அலறலாக மாறும் இடம் செவிக்குப் புலப்படும். ஸ்டியரிங் சக்கரம் திடீரென இலேசாகும் இடம் கைக்குப் புலப்படும். உடலைத் தள்ளும் விசை திரையில் இல்லாமையால், செவியும் கையும் கண்ணுமே அதன் வேலையையும் சேர்த்துச் செய்தல் வேண்டும்.

இதன்பின் வளைவு வரும். பந்தயப் பாதைகளில் வளைவுக்கு முன் 150, 100, 50 மீட்டர் எனப் பலகைகள் நட்டிருப்பர். அவற்றுள் ஒன்றையோ, அசையாத வேறு அடையாளம் ஒன்றையோ குறியாகக் கொள்க. நிழலையும் டயர் அடையாளத்தையும் குறியாகக் கொள்வது பயனற்றது. அவை மாறும் இயல்பின. முதலில் வேண்டுமென்றே முன்கூட்டிப் பிரேக்கைப் பிடித்து, பத்துச் சுற்றுகள் ஒரே இடத்தில், ஒரே விசையில் பிடித்து, ஒரே வேகத்தில் வளைவினுட் புகப் பழகுதல் வேண்டும். பத்தும் ஒன்றுபோல் அமைந்த பின்னரே ஐந்து மீட்டர் தள்ளிப் பிடிக்கலாம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே பொருந்தும்.

இளைஞர் பெரும்பாலோர் இம்முறையை விடுத்து, எவ்வளவு பிந்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு வீரம் என்று கருதுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் வளைவைக் கடக்க வேண்டிய இடத்தில், 5 மீட்டர் பிந்திப் பிடிப்பதால் கிடைக்கும் ஆதாயம் ஏறக்குறைய 0.18 நொடி. வளைவைத் தவறவிட்டு மணலில் இறங்கினால் இழப்பது பல நொடிகள். ஐம்பது முறை பெற்ற இலாபத்தை ஒருமுறை நட்டம் விழுங்கிவிடும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் கூறியது பந்தயப் பாதைக்கும் ஒக்கும்.

பிடிப்பதைக் காட்டிலும் விடுவது அரிது என்பதைப் பயில்வோர் சில வாரங்களில் உணர்வர். பந்தய வண்டிகளுள் இறக்கை அமைந்தவற்றைக் காற்று மிகு வேகத்தில் தரையோடு அழுத்துகிறது. அப்பொழுது பற்று மிகுதி. ஆதலின் தொடக்கத்தில் வன்மையாக அழுத்தலாம். பார்முலா ஒன்று வண்டியில் நூறு கிலோகிராம் எடைக்கு நிகராக மிதியை அழுத்துவர் என்பர். வேகங் குறையக் குறையக் காற்றின் அழுத்தமும் குறையும், பற்றும் குறையும். அழுத்திய காலை அதற்கேற்பத் தளர்த்தாவிடில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இறக்கையற்ற வண்டியிலும் வளைவினுட் புகும்போது இவ்வாறே தளர்த்துதல் வேண்டும். எவ்வாறெனில், டயரின் பற்று ஒரே முடிப்பிலுள்ள பணம் போன்றது. நிறுத்துவதற்கு முழுவதையும் செலவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. திரும்பத் தொடங்கும்போது திருப்பத்திற்கு ஈவதெல்லாம் தடையிலிருந்து எடுத்தே ஈதல் வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பங்கு திருப்பும்தோறும் காலை ஒரு பங்கு தளர்த்தி, வளைவின் உள்முனையை அடையும்போது முற்றும் விட்டுவிடுவதே வல்லார் வழக்கம். சடுதியில் காலை எடுத்தாலோ, முன்னே சாய்ந்த பாரம் பின்னே துள்ளி, முன்டயர் பற்றிழந்து, வண்டி அகலமாகச் செல்லும்.

பாவனை யந்திரத்தின் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. அது நம் கால் செய்ததையெல்லாம் கோட்டுப்படமாக வரைந்து காட்டும். நன்கு பிடித்த பிரேக்கின் படம், ஒருபுறம் செங்குத்தாக எழுந்து மறுபுறம் மெல்லச் சரியும் மலைபோல் இருக்கும். இருபுறமும் செங்குத்தாயின் விடுதல் பிழை. ஏறுவதே சரிவாயின் அச்சம். உச்சியில் பல் பல்லாயின் நிலையின்மை. ஆசிரியர் திருத்திய விடைத்தாள்போல் இப்படம் பிழையை மறைக்காது கூறும். மெய்யான சாலையில் பல்லாண்டு வண்டி ஓட்டியவரும் தம் கால் என்ன செய்கிறது என்பதை இவ்வாறு கண்டதில்லை.

பாவனை யந்திரம் கற்பியாதன

ஆயினும் இதன் எல்லையையும் கூறாது விடல் முறையன்று. திரையில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். தரையில் அஃதில்லை. எனவே அச்சம் என்னும் ஆசிரியர் இவ்வகுப்பில் இல்லை. மேலும் பந்தயப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில் செல்வர். பாதையைப் பல நூறு முறை கண்டிருப்பர். நம் சாலையிலோ மாடு குறுக்கிடும். பள்ளிச் சிறார் ஓடிவருவர். களத்திற்கு மாறாகச் சாலையில் பரப்பிய தானியம் டயரை வழுக்கும். விளிம்பில் ஓட்டும் கலை பாதைக்கு உரியது. விளிம்புக்கு வெகு தூரத்தில் ஓட்டும் கலையே சாலைக்கு உரியது. விளிம்பு எங்கே இருக்கிறது என்று அறிந்தவனே அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்பது என்றும் அறிவான் என்பதால்தான் முன்னதைக் கற்கச் சொல்கிறோம்.

ஏபிஎஸ் அமைந்த வண்டியைச் சாலையில் ஓட்டுவோர்க்கு ஒரு சொல். ஆபத்து நேரின் மிதியை வன்மையாக அழுத்தி, விடாது பிடித்து, கண்ணைத் தப்பும் வழியில் வைத்துத் திருப்புக. அப்போது மிதி காலின்கீழ் துடிக்கும். அது பழுதன்று, யந்திரம் தன் கடமையைச் செய்வதன் அறிகுறி. அதற்கஞ்சிக் காலை எடுப்பவன் தன் துணையைத் தானே துரத்துகிறான். நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இரு சக்கர மோட்டார்களிலும் 2019 ஏப்ரல் முதல் இத்துணை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

தொப்பூர்ச் சரிவு

இதுகாறும் கூறியவை விளையாட்டு என்று தோன்றலாம். நம் மாவட்டத்தில் இவை உயிர் வழக்காக இருக்கும் இடம் ஒன்றுண்டு. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே, முன்னர் ஏழாம் எண் என வழங்கி இப்போது 44ஆம் எண் பெற்ற தேசிய நெடுஞ்சாலை, தொப்பூர்க் கணவாயில் மலைகளுக்கிடையே வளைந்து இறங்குகிறது. வடக்கேயிருந்து பெங்களூர், கிருஷ்ணகிரி வழியாகப் பாரமேற்றி வரும் லாரிகள் இச்சரிவில் இறங்கியே தெற்கே செல்ல வேண்டும். 2020 டிசம்பர் 12ஆம் நாள் கட்டுக்கடங்காத லாரியொன்று முன்னே இருந்த பல வண்டிகளின்மீது மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரி 24ஆம் நாள் நிகழ்ந்த மற்றொரு விபத்திலும் நால்வர் உயிர் நீத்தனர். இவை நாடறிந்த இரண்டு. நாள்தோறும் நாம் கேள்வியுறும் சிறியவை பல.

சரிவில் இறங்கும் லாரியின் பிரேக்கு ஏன் தோற்கிறது? கணக்கே விடை கூறும். 40 டன் எடையுள்ள லாரி 150 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 5 கோடியே 88 லட்சம் ஜூல். சாதாரண நிலையிலுள்ள 200 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு உஷ்ணம் போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரின் உருள்தடையும் ஏற்கும். எஞ்சியதை ஏற்பதற்கு இரண்டே இடங்கள் உள: ஒன்று எஞ்சின், மற்றொன்று பிரேக்கு டிரம். வண்டி தாழ்ந்த கியரில் இருப்பின், சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் எஞ்சினே பெருந்தடையாகிப் பாரத்தைத் தாங்கும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் விலகிக்கொள்ளும். எல்லா உஷ்ணமும் டிரம்மின் தலையிலே விழும்.

டிரம் சூடேறினால் விரியும். உள்ளிருந்து அதனை அழுத்தும் லைனிங் முன்னிலும் அதிகத் தூரம் நகர வேண்டும். அதிகச் சூட்டில் லைனிங்கின் உராய்வும் குறையும். ஓட்டுநர் மேலும் மேலும் மிதிப்பார். காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்காயின், அடிக்கடி மிதிப்பதால் தொட்டியிலுள்ள காற்றுச் செலவாகும். நியூட்ரலில் மெல்ல ஓடும் எஞ்சின் அதனை விரைவில் நிரப்பாது. அந்நிலையில் தாழ்ந்த கியரைப் போட முயன்றாலும், வேகம் மிகுந்துவிட்டபடியால் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. பிரேக்குத் திடீரென அறுந்தது என்று பின்னர் உலகம் கூறும். அது திடீரென நிகழ்ந்ததன்று. சரிவின் தலைப்பிலேயே, கியரை நீக்கிய கணத்திலேயே தொடங்கிவிட்டது.

டீசல் மிச்சமாகும் என்று எண்ணியே பலர் நியூட்ரலில் இறங்குகின்றனர். இவ்வெண்ணமும் இன்று பொய்த்துவிட்டது. மின்னணு முறையில் எண்ணெய் செலுத்தும் இக்கால எஞ்சின்கள், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசலை அறவே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமலிருக்கச் சிறிது டீசல் எரிந்தே தீரும். மிச்சம் என்று எண்ணிச் செய்வது செலவாகவும் முடிகிறது. உயிருக்கும் உலை வைக்கிறது.

சரிவில் பிரேக்குப் பிடிக்கும் முறை பந்தயப் பாடத்தோடு வியக்கத்தக்கவாறு ஒத்திருக்கிறது. பந்தயக்காரன் வளைவுக்கு வளைவு உறுதியாக அழுத்தி, பின் முற்றும் விட்டுவிடுகிறான். விட்ட நேரத்தில் பிரேக்கு ஆறுகிறது. மலை இறங்குவோரும் அவ்வாறே செய்தல் வேண்டும். சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியரைப் போடுக. வேகம் எல்லையைத் தொட்டால் உறுதியாக ஒருமுறை அழுத்தி, எல்லைக்குச் சில கிலோமீட்டர் கீழே கொணர்ந்து, காலை முற்றும் எடுத்துவிடுக. மீண்டும் எல்லையைத் தொடும்போது மீண்டும் அவ்வாறே செய்க. அடிவாரம்வரை மிதியின்மேல் காலை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே வருதல் பிரேக்கை அடுப்பிலேற்றியதற்கு ஒப்பாகும். கருகும் நாற்றம் எழுந்தால் உரிய இடத்தில் ஒதுங்கி ஆறவிடுக. சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிப்புறும். ஆதலின் அது கூடாது.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இக்கணவாயில் உயர்மட்டச் சாலை அமைக்கத் திட்டம் வகுத்திருக்கிறது. அது நன்முயற்சியே. சாலை திருந்தினும், வத்தல்மலைக்கும் ஒகேனக்கலுக்கும் செல்லும் வழிகளிலும், நாட்டிலுள்ள ஏனைய மலைப்பாதைகளிலும் சரிவு இருந்துகொண்டேயிருக்கும். அங்கே நம்மைக் காப்பது கற்ற காலேயன்றி வேறில்லை.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. பாவனை யந்திரத்தில் அமர்வோர் அமர்க. ஆயின் முந்திச் செல்வதை மட்டும் எண்ணாது, ஒரு வாரம் நிற்பதையே பயில்க. கோட்டுப்படத்தைக் கண்டு பிழையைத் திருத்துக. பௌதிகப் புத்தகத்தை அருகே வைத்துக் கணக்கையும் போட்டுப் பார்க்க. பின்னர் விடுமுறையில் ஊர் செல்லும்போது, லாரி ஓட்டும் மாமனோ, வாடகைக் கார் ஓட்டும் அண்ணனோ, புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கிய தம்பியோ வீட்டில் இருப்பின், நியூட்ரலைப் பற்றியும் முன்பிரேக்கைப் பற்றியும் அவரோடு அமர்ந்து பேசுக. அவர் அனுபவத்தில் அறிந்ததை நாமும் கேட்டறிக. கல்லூரியிற் கற்ற ஒரு கணக்கு தொப்பூரில் ஒரு வண்டியைப் பத்திரமாக அடிவாரம் சேர்க்குமாயின், அக்கணக்கைப் படித்த உழைப்பு வீண் போகவில்லை.